நாற்காலி நம் கடைக்கு வந்தது

முருகன் துணை

தியாகராய நகர்,
சென்னை - 17.
4-2-1973

அன்பு மகள் மீனாட்சிக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளை ஜவஹரும் சுகம் என்று எழுதியிருந்ததைப் படித்துச் சந்தோஷப்பட்டேன், ஆனால் முழங்கால் வரைக்கும் பனி கிடக்கிற ஊரில் மனுஷர் எப்படிச் சுகமாக இருக்க முடியும் என்று உன் அம்மா நம்ப மறுக்கிறாள். நீ அனுப்பிய போட்டோவில் மாப்பிள்ளை மெலிந்து தெரிகிறார், கோட்டு மட்டும்தான் பருமனாக இருக்கிறது என்கிறாள். கருப்பட்டியும் சுக்கும் பொட்டலம் கட்டி வைத்திருக்கிறாள், யாராவது ஜெர்மனிக்குப் போகிறவர்கள் கிடைத்தால் கொடுத்தனுப்புவோம். இங்கே மழை பொய்த்துவிட்டது, குழாயில் தண்ணீர் வருகிற நேரம் யாருக்கும் தெரிவதில்லை, கரண்டும் அப்படித்தான். வழக்கமான நீலக் கடிதத்தில் எழுதாமல் கனமான கவரில் வந்திருக்கிறதே என்று பயந்துவிடாதே, கெட்ட செய்தி ஒன்றும் இல்லை, நல்ல செய்திதான், அது நீலத் தாளில் அடங்கவில்லை.

போன கடிதத்தில் ஒரு விஷயம் கேட்டிருந்தாய். உன்னிடம் தமிழ் படிக்கிற ஜெர்மன்காரப் பிள்ளைகளுக்காகப் பாடம் எழுதுகிறாய் என்றும், ஒருவர் அதிகாரத்துக்கு வருவதைச் சொல்ல நம் ஜனங்கள் நிஜமாகவே என்ன சொல்லைப் பேசுகிறார்கள், யாரைப் பற்றிப் பேசும்போது எதைச் சொல்கிறார்கள் என்று காதைத் திறந்து வைத்துக் கேட்டு எழுதும்படியும் சொல்லியிருந்தாய். ஆட்சிக் கட்டில் என்றால் ராஜா தூங்குகிற கட்டிலா என்று உன் மாணவன் ஒருவன் கேட்டானாமே, அதை வாசித்துக் காட்டியபோது உன் அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறிவிட்டது. எவர்சில்வர் பாத்திரம் விற்கிறவனிடம் இலக்கணம் கேட்கிறாளே என் மகள் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்றைக்கே கல்லாவில் உட்கார்ந்தபடி மனதுக்குள் பதில் எழுதிவிட்டேன். கட்சி என்றால் ஆட்சிக்கு வந்தது என்போம், அறுபத்தேழில் தெருவெல்லாம் அந்தப் பேச்சுத்தானே. மந்திரி, சேர்மன் என்றால் பதவிக்கு வந்தார், பதவி ஏற்றார் என்போம். ராஜா, ஜமீன், மடத்துச் சாமியார் என்றால் பட்டத்துக்கு வந்தார். முடி சூடினார், அரியணை ஏறினார் என்பதெல்லாம் பள்ளிக்கூடப் புத்தகத்திலும் போஸ்டரிலும் மட்டும்தான், வாயில் வருவதில்லை. இவ்வளவையும் எழுதித் தபாலில் போட்டிருந்தால் உன் பாடம் முடிந்திருக்கும். அதற்குள் தை பிறந்துவிட்டது, நான் நினைத்ததெல்லாம் பாதிதான் சரி என்று தெரிந்தது.

நம் தெரு வியாபாரிகள் சங்கத்தில் தேர்தல் கிடையாது என்பது உனக்குத் தெரியும், மாப்பிள்ளைக்குத் தெரியாது, அவருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். தெற்கேயிருந்து வந்து முதலில் கடை போட்டவர்கள் சண்டை வரக்கூடாது என்று முறை வைத்துவிட்டார்கள். ஒரு தையிலிருந்து மறு தை வரைக்கும் ஒரு கடை, அடுத்த வருஷம் பக்கத்துக் கடை. தலைவர் என்பதற்கு அடையாளம் ஒரு தேக்கு நாற்காலி, பிரம்பு பின்னியது. தை முதல் தேதி மூட்டை தூக்குகிற ஆட்கள் அதற்கு மாலை போட்டு, பழைய தலைவர் கடையிலிருந்து புதுத் தலைவர் கடைக்குத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அதற்குப் பிறகு வருஷம் முழுவதும் தெருவில் என்ன வழக்கு என்றாலும் இரண்டு கட்சியும் செருப்பைக் கழற்றிவிட்டு அந்த நாற்காலி முன்னால் நின்று சொல்ல வேண்டும், இரண்டு பேர் சொன்னதையும் கேட்காமல் நாற்காலியில் இருப்பவர் வாயைத் திறக்கக் கூடாது. போலீசுக்கும் கோர்ட்டுக்கும் போகாமல் இத்தனை வருஷம் தெரு ஓடியது இதனால்தான். ஆகையால் நம் தெருவில் யாரும் யாரையும் தலைவராக ஆனார் என்று சொல்வதில்லை. நாற்காலி அவர் கடைக்கு வந்துவிட்டது என்பார்கள். அரியணை ஏறுவதற்கு ஆள்தான் போக வேண்டும், நம் தெருவில் அரியணையே நடந்து ஆளிடம் வருகிறது. இதை உன் மாணவர்களுக்குச் சொல்.

இந்தத் தைக்கு முறை நம் கடையுடையது. உன்னிடம் சொல்வதற்கு என்ன வெட்கம், மார்கழியிலேயே நான் பட்டு ஜிப்பா தைக்கக் கொடுத்துவிட்டேன். பாண்டி பஜாரில் போய் போட்டோ கூட எடுத்துக்கொண்டேன், லேசாக முகத்தைத் திருப்பி, தூரத்தில் எதையோ பார்க்கிற மாதிரி. உன் அம்மா அதைப் பார்த்துவிட்டு, எதிர்த்த கடையில் யாவாரம் நடக்கான்னு எட்டிப் பாக்கிய மாதிரில்லா இருக்கு என்றாள். அவள் வாய்க்கு அஞ்சித்தான் அதை இன்னும் சுவரில் மாட்டவில்லை.

மார்கழிக் கடைசியில் கூட்டம் நடந்தது. ஜவுளிக்கடை அய்யாதுரை தெரியுமல்லவா, சங்கத்தின் காரியதரிசி, நம் ஊர்ப்பக்கம்தான், உன் கல்யாணத்துக்குப் புடவை அங்கேதான் எடுத்தோம். அவன் எழுந்து, நாற்காலி இந்த வருஷம் தங்கபுஷ்பம் மதினிக்குப் போகிறது என்று உன் அம்மா பேரைச் சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. கடை லைசென்ஸ் யார் பேரில் இருக்கு அண்ணாச்சி என்று கேட்டான். விஷயம் இதுதான். கடை ஆரம்பித்தபோது வரிக்கணக்கு பார்க்கிறவர் பெண்டாட்டி பேரில் போடுங்கள் என்றார், போட்டேன். நான் மட்டுமா, தெருவில் பாதிக் கடை பெண்டாட்டிமார் பேரில்தான் இருக்கிறது, இதுவரைக்கும் முறை வந்தபோது யாரும் அதைக் கேட்டதில்லை. இந்த வருஷம் ஏன் கேட்டான் என்றால், நடைபாதையில் உட்கார்ந்து விற்கிறவர்களை எல்லாம் அப்புறப்படுத்த வேண்டும் என்று போன வருஷம் சங்கத்தின் பேரில் கார்ப்பரேஷனுக்கு ஒரு மனு போட்டான், தலைவர் என்று கையெழுத்துப் போட்டவர் பேரில் லைசென்ஸே இல்லை என்று அது திரும்பி வந்துவிட்டது. இந்தத் தடவை லைசென்ஸ்காரியே கையெழுத்துப் போட்டால் திரும்பாது. மதினி பேருக்கு உட்காரட்டும், காரியத்தை நீங்க பாத்துக்கிடுங்க அண்ணாச்சி, அவங்க கையெழுத்து ஒண்ணுதான் நமக்கு வேணும் என்றான். எனக்கு ஜிப்பா வீணாகிறதே என்று மனசு அடித்துக்கொண்டது, ஆனாலும் சரி என்று தலையாட்டிவிட்டேன். மனுவில் கையெழுத்து வாங்கித் தருகிறேன் என்று அவன் கையைப் பிடித்து வாக்கும் கொடுத்தேன். அதில் எங்கள் யாருக்கும் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. இத்தனை வருஷமாக வரித் தாள், பாங்குத் தாள், லைசென்ஸ் தாள் எதுவானாலும் நான் விரலை வைத்துக் காட்டுகிற இடத்தில் அடுப்படியிலிருந்து வந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு தங்கபுஷ்பம் என்று எழுதிவிட்டுப் போகிறவள்தானே. எல்லார் வீட்டிலும் அதுதான் நடப்பு. நாங்கள் எல்லாரும் சேர்ந்து செய்த தப்புக் கணக்கு அதுதான்.

பொங்கலன்று நாற்காலி வந்தது. போர்டு எழுதுகிற பையன் துணியில் அரியணை ஏறிய அன்னையே வருக என்று சிவப்பு மையில் எழுதிக் கட்டிவிட்டான். உன் அம்மா உன் கல்யாணப் புடவையோடு எடுத்த அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டு, என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தாள். கால் தரையில் எட்டவில்லை, ஒரு பலகை போட்டுக் கொடுத்தேன். அப்போதிருந்துதான் எனக்கு உன் கேள்விக்குப் பதில்கள் வர ஆரம்பித்தன. மயிலாப்பூர் ஸ்ரீரங்கன், ரிட்டயரான கணக்கு வாத்தியார், காப்பி ஃபில்டர் வாங்க வந்தவர், எட்டிப் பார்த்துவிட்டு, என்ன ஓய், உம்மாத்து மாமி பட்டத்துக்கு வந்துட்டாளாமே, எங்காத்துல கேள்விப்பட்டா எனக்குன்னா ஆபத்து என்றார். பட்டினப்பாக்கத்திலிருந்து கூடையோடு பஸ்ஸில் வந்து சாயங்காலம் தெருமுனையில் மீன் விற்கிற முனியம்மாள், இன்னா நைனா, அம்மா நாற்காலில குந்திக்கிச்சாமே, இனிமே அம்மா ராஜாங்கம்தான்னு தெருவே பேசிக்கினு கீது என்றாள். நம் கடை ஓரத்தில் ஸ்டவ் ரிப்பேரும் சாவியும் பார்க்கிற ஷரஃபுதீன் பாயை நீ மறந்திருக்க மாட்டாய், நீ காலேஜுக்குப் போகிற காலத்தில் உன் சைக்கிள் பூட்டுக்கு எத்தனை சாவி போட்டுக் கொடுத்திருப்பார். அவர் பம்ப் ஸ்டவ்வைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்று சலாம் வைத்து, அம்மா தக்துல உக்காந்துட்டாங்க, ரொம்ப சந்தோஷம், முதல் ஹுக்கும் என்ன என்று கேட்டார். தக்து என்றால் சிம்மாசனம், ஹுக்கும் என்றால் உத்தரவு, உன் நோட்டில் இதையும் சேர்த்துக்கொள். அவர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் மனு விஷயம் அவர் காதுக்கும் எட்டியிருந்தது என்று எனக்குத் தெரியும். அவருக்கும் முனியம்மாளுக்கும் அந்தத் தெருவை விட்டால் பிழைக்க வேறு இடம் இல்லை. எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை, கடைக்குள் போய் டிபன் கேரியர்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அய்யாதுரை மனுவோடு வந்தான். நான் வழக்கம்போல விரலை வைத்துக் காட்டினேன். உன் அம்மா பேனாவை வாங்கிக் காதோரம் செருகிக்கொண்டு தாளைக் கையில் எடுத்தாள். கையெழுத்துப் போடு என்றேன். வாசிச்சிட்டுப் போடுதேன் என்றாள். இதில் வாசிக்க என்ன இருக்கு என்றேன். இம்புட்டு நாளும் வாசிக்காம போட்டது வீட்டுக் காயிதம், இது ஊரான் வயித்துக் காயிதம் என்றாள். எழுத்துக் கூட்டி மெதுவாகத்தான் வாசித்தாள், எட்டாம் வகுப்புப் படிப்பு, வாரப் பத்திரிகை வாசித்த பழக்கம். அய்யாதுரை ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றான். வாசித்து முடித்து, நாற்காலி முறைப்படி ரெண்டு கட்சியையும் கேக்காம ஒண்ணும் செய்யக்கூடாதுல்லா, அவங்களைக் கூப்பிடுங்க என்றாள். அய்யாதுரைக்கு முகம் சிவந்துவிட்டது. மதினி, அது கடைக்காரங்களுக்குள்ள உள்ள வழக்குக்கு, நடைபாதையில இருக்கவனை எல்லாம் நாற்காலி முன்னால நிறுத்துவாங்களா என்றான். அப்படி எங்க எழுதி வச்சிருக்கு என்று கேட்டாள். எங்கேயும் எழுதி வைக்கவில்லை, எதையுமே எங்கள் ஆட்கள் எழுதி வைக்கவில்லை.

அன்றைக்கு நான் அவளிடம் கோபப்பட்டது நிஜம், மறைப்பானேன். வாக்குக் கொடுத்துவிட்டேன், தெருவில் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வேன், போதாததற்கு இது தை மாசம், கல்யாணப் புடவை எடுக்க வருகிற குடும்பத்தை எல்லாம் சீர்ப் பாத்திரத்துக்கு நம் கடைக்கு அனுப்புகிறவன் அய்யாதுரைதான், அவன் பகையை வாங்கினால் நமக்குத்தான் நஷ்டம் என்று சொல்லிப் பார்த்தேன். சோற்றைப் போட்டாள், ரசத்தை ஊற்றினாள், கையெழுத்து என் பேருல்லா என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தெருவே நம் கடை முன்னால் கூடிவிட்டது. நடைபாதைக்காரர்கள் வந்தார்கள், ஷரஃபுதீன் பாய், முனியம்மாள், வளையல் விற்கிறவர்கள், ரிப்பன் விற்கிறவர்கள், எல்லாரும் செருப்பைத் தூரத்தில் விட்டுவிட்டு ஒடுங்கி நின்றார்கள். முதலில் அய்யாதுரையைப் பேசச் சொன்னாள். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. புடவை எல்லாம் மீன் வாடை, வாங்க வருகிற பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறார்கள், வாசலில் வண்டி நிற்க இடமில்லை, நடக்க வழியில்லை என்றான். அடுத்து முனியம்மாளைக் கேட்டாள். அவள் கூட்டத்தைப் பார்த்து ஆரம்பித்தாள். நட்க்க வயி இல்லேங்கறியே நைனா, வயி எங்க கீதுன்னு நீயே பாரு, உன் பொம்மைங்க பொடவை கட்டிக்கினு பாதி ரோட்ல நின்னுக்கினு கீது, இந்தக் கடை அண்டா அடுக்கு மீதி ரோட்ல கீது, நான் என் கூடையை எங்க வெப்பேன், உங்க தலை மேலயா என்றாள். கூட்டத்தில் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. நான் சிரிக்கவில்லை, இந்தக் கடை என்று அவள் கை காட்டியது நம் கடையை. ஷரஃபுதீன் பாய் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். எழுந்திருக்கச் சொன்னா எழுந்திருக்கறேம்மா, எங்க உக்காரணும்னு மட்டும் சொல்லிடுங்க என்றார்.

உன் அம்மா நாற்காலியை விட்டு இறங்கினாள். மீனா, அந்த இடத்தில் நீ இருந்திருக்க வேண்டும். தெருவை இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் நடந்து பார்த்தாள், பின்னாலேயே கூட்டம் நடந்தது. திரும்பி வந்து உட்கார்ந்து, இரண்டு பேர் சொன்னதையும் கேட்டாயிற்று, இப்போது நான் சொல்கிறேன் என்று ஆரம்பித்தாள். மனுல நான் கையெழுத்துப் போட மாட்டேன், முதல்ல நம்ம கடை அண்டாவையும் தவலையையும் உள்ள எடுங்க என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். முதல் ஹுக்கும் கட்டின புருஷன் மேல்தான். தெரு முழுவதும் என்னைப் பார்த்தது. நான் என்ன செய்வேன், பட்டு ஜிப்பாவைப் போட்டுக்கொண்டு நின்றவன் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஒரு பெரிய அண்டாவைத் தூக்கிக் கடைக்குள் வைத்தேன். கடைப் பையன்கள் ஓடி வந்தார்கள், நீங்க விடுங்க முதலாளி என்றார்கள், நான் விடவில்லை. முதலில் வெட்கத்தில்தான் தூக்கினேன், மூன்றாவது தவலைக்குள் என்ன ஆயிற்றோ தெரியவில்லை, எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. இவள் என் பெண்டாட்டி என்று அந்தத் தெருவுக்கே உரக்கச் சொல்ல வேண்டும் போல இருந்தது. அடுத்து அய்யாதுரையின் பொம்மைகள் உள்ளே போக வேண்டும் என்றாள், எல்லாக் கடையும் வாசல்படிக்குள் சரக்கை நிறுத்த வேண்டும், நடைபாதைக்காரர்கள் தூணுக்கும் தூணுக்கும் நடுவில் சுவரை ஒட்டி உட்கார வேண்டும், கடை வாசலை மறைக்கக் கூடாது என்றாள். முனியம்மாளையும் விடவில்லை. நீ குழாயடிப் பக்கம் போயிரு, போகும்போது இடத்தைக் கழுவி விட்டுட்டுத்தான் பஸ் ஏறணும் என்றாள். முனியம்மாள், இன்னாம்மா, நீயும் இப்டி சொல்லிக்கினு கீறே என்று முணுமுணுத்தாள், ஆனால் அன்று சாயங்காலமே கூடையைக் குழாயடிக்கு மாற்றிவிட்டாள்.

அய்யாதுரை ஒத்துக்கொள்ளவில்லை. நாற்காலியைத் திருப்பித் தூக்கிட்டுப் போங்கடா என்று மூட்டை தூக்கும் ஆட்களைப் பார்த்துச் சத்தம் போட்டான். உன் அம்மா உடனே எழுந்து நாற்காலியை அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள். எடுத்துக்கிடுங்க, ஆனா தையிலருந்து தை வரைக்கும்னு வச்சது உங்க பெரியவங்க, அதை உடைச்சது அய்யாதுரைன்னு இருக்கட்டும் என்றாள். யாரும் தொடவில்லை. பழைய தலைவர்கள் எல்லாம் அங்கேதான் நின்றார்கள், அவர்களும் தொடவில்லை. அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்விட்டான். ராத்திரிக்குள் அவன் பொம்மைகள் உள்ளே போய்விட்டன, அவன் மனைவி எடுத்து வைத்தாள் என்று கேள்வி. ஆனால் அதன் பிறகு எங்களைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் பயந்ததும் நடந்தது. சீர்ப் பாத்திரத்துக்கு வருகிற கூட்டம் நின்றுவிட்டது. தை முகூர்த்தத்தில் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். ஒரு நாள் கல்லாவைப் பூட்டும்போது, நான் செஞ்சது தப்போ என்று உன் அம்மா கேட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. தப்பில்லை என்றேன். அவளுக்கு ஆறுதலாகச் சொன்னேன் என்று நினைக்காதே, மனசாரத்தான் சொன்னேன்.

போன வியாழக்கிழமை நடந்ததை எழுதத்தான் இவ்வளவு தாளையும் நிரப்பினேன். மத்தியானம் கடையில் ஆள் இல்லை, உன் அம்மா நாற்காலியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வாசலில் நிழல் விழுந்தது, பார்த்தால் அய்யாதுரை. செருப்பைக் கழற்றினான், வந்து நாற்காலி முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவனுக்கும் பக்கத்துக் கடையில் இருக்கிற அவன் தம்பிக்கும் மாடிக் கிடங்குக்குப் போகிற பொதுப் படிக்கட்டில் தகராறு, தம்பி படிக்கட்டுக் கதவில் பூட்டுப் போட்டுவிட்டான், இவன் சரக்கு மேலே மாட்டிக்கொண்டது, முகூர்த்த நேரத்தில் புடவையை எடுக்க முடியவில்லை. வக்கீலிடம் போனால் அண்ணன் தம்பி உறவு அறுந்துவிடும். மதினி, நீங்க சொன்னாச் சரி, நான் கட்டுப்படுதேன் என்றான். உன் அம்மா கீரையை ஓரமாக வைத்தாள். பழசு எதையும் எடுக்கவில்லை, ஒரு குத்தல் பேச்சுக் கிடையாது, தம்பி எங்கே, அவனையும் கூப்பிடுங்க, ரெண்டு பேர் சொல்றதையும் கேக்கணும்லா என்றாள். தம்பி வந்தான், கேட்டாள், கதவுக்கு ஒரே பூட்டு, சாவி ரெண்டு, ஆளுக்கு ஒண்ணு, பாய், ஒரு சாவி போட்டுக் குடுங்க என்று வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். ஷரஃபுதீன் பாய் இருந்த இடத்திலேயே உட்கார்ந்து அரத்தை எடுத்தார். அவர் அந்தச் சாவியை ராவி முடிக்கும்வரை அய்யாதுரை அவர் பக்கத்தில் நடைபாதையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான், இரண்டு பேரும் என்னவோ பேசிக்கொண்டார்கள். மறுநாள் காலை அவன் கடையிலிருந்து ஒரு கல்யாணக் குடும்பம் குடம் கேட்டு வந்தது.

ஆகையால் மீனா, உன் பாடத்தில் இப்படி எழுதிக்கொள். நாற்காலி உன் அம்மாவிடம் வந்தது தை முதல் தேதி. ஆட்சிக்கு அவள் வந்தது போன வியாழக்கிழமை மத்தியானம், அய்யாதுரை செருப்பைக் கழற்றியபோது. இதற்குத் தனியாக ஒரு சொல் தமிழில் இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை, நீ படித்தவள், தேடிப் பார். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் இப்படி ஒருத்தியோடு வாழ்கிறேன் என்று எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று நினைத்தால் சிரிப்பும் வருகிறது, பெருமையும் வருகிறது. உனக்கு இவ்வளவு புத்தி எங்கேயிருந்து வந்தது என்று எல்லாரும் கேட்கும்போது என்னைப் போல என்று சொல்லிக்கொண்டிருந்தேன், இனிமேல் சொல்ல மாட்டேன்.

நீயும் மாப்பிள்ளையும் எல்லாச் செல்வமும் பெற்று, குளிரும் பிணியும் அண்டாமல் நன்றாக இருக்க வேண்டும் என்று செந்தூர் ஆண்டவனை வேண்டிக்கொள்கிறேன். காலுறை போடாமல் தரையில் நடக்காதே. மாப்பிள்ளையைத் தயிர் சாதம் சாப்பிடச் சொல். கவரின் மேல் என் பேர் மட்டும் எழுதுகிற பழக்கத்தை விட்டுவிடு, அம்மா பேரையும் எழுது, தபால்காரருக்கு இப்போது அந்தப் பேரைத்தான் நன்றாகத் தெரியும். இதுவரைக்கும் எல்லாக் கடிதத்திலும் அப்பா அம்மா என்று இரண்டு பேருக்கும் நானே கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். இந்தத் தடவை அவள் விடவில்லை. கடிதத்தை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு, வாசலில் உட்கார்ந்து முதலிலிருந்து வாசித்துக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா,
மாணிக்கவாசகம்

மீனா, முழுசும் வாசித்தேன். அப்பா ஜிப்பாவோடு அண்டா தூக்கினார்கள் அல்லவா, அன்றைக்கு அவர்கள் தூக்காமல் நின்றிருந்தால் தெருவில் ஒருத்தரும் தூக்கியிருக்க மாட்டார்கள். அதை எழுதாமல் விட்டுவிட்டார்கள். மற்றபடி எல்லாம் சரி. கையெழுத்துப் போடுகிறேன்.

தங்கபுஷ்பம்